இடுப்பில் நிற்கும் சட்டை

கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் ஒரே இடத்தைத்தான் பிடித்துக் காட்டுவார்கள். கக்கத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கமும், பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் துணியைப் பிடித்து மேலே ஓர் இழுப்பு. "அன்ரி, இறங்கி இறங்கிப் போகுது. மேலால கொஞ்சம் இறுக்கித் தாங்கோ." முப்பது வருடமாக அதே இழுப்பு, அதே வசனம். அன்று தாய்மார் இழுத்தார்கள், இன்று மகள்மார் இழுக்கிறார்கள். மேலால் இறுக்கினால் இன்னும் கெதியாக இறங்கும் என்று நான் சொன்னதைத் தாய்மாரும் நம்பவில்லை, மகள்மாரும் நம்புவதாயில்லை.

ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம், உடுப்புத் திருத்திக் கொடுப்பது என் தொழில். காற்சட்டைக்குக் கால் மடிப்பது, சிப் மாற்றுவது, சேலைக்கு ஃபோல்ஸ் அடிப்பது என்று அன்றாடம் ஓடும். மே தொடங்கி ஒக்ரோபர் வரைக்கும் மட்டும் முன்கம்பி முழுக்கக் கலியாண உடுப்புத்தான் தொங்கும். அதில் பாதிக்கு மேல் தோளில் பட்டி இல்லாதவை. ஸ்ராப்லெஸ்.

எங்கள் ஆட்களுக்கு அந்தச் சட்டை மெல்ல மெல்லத்தான் பழகியது. நான் கடை திறந்த 90களில் வேதக்கார வீட்டுப் பெண்கள்தான் வெள்ளைச் சட்டை போட்டார்கள், அதுவும் கழுத்து மூடி, கை முழங்கை தாண்டி. சைவ வீடுகளில் காலையில் கூறை, பின்னேரம் இன்னொரு காஞ்சிபுரம், அவ்வளவுதான். பிறகு றிசெப்ஷன் தனி விழாவாக வளர்ந்தது. கேக் வந்தது, முதல் நடனம் வந்தது, நடனத்தோடு சட்டையும் வந்தது. ஆரம்பத்தில் அதற்கு மேலே போட ஒரு குட்டிக் கோட்டுத் தைக்கச் சொல்லித் தாய்மார் வருவார்கள். கோட்டின் ஆயுள் மண்டப வாசல் வரைக்கும்தான் என்பது எனக்கும் தெரியும், பக்கத்தில் தலைகுனிந்து நிற்கிற பிள்ளைக்கும் தெரியும். இப்போது கோட்டுக் கேட்டு எவரும் வருவதில்லை.

தோள் தெரிவதைப் பற்றிய வாதத்தில் நான் இறங்குவதில்லை. ஊரில் கிணற்றடியைக் கண்டவர்களுக்கு அது ஒரு வாதமே இல்லை. என் அம்மம்மா பழைய நூல்சேலைத் துண்டு ஒன்றைக் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு குளிப்பார். மார்புக்கு மேலே ஒரு சுற்று, விளிம்பை ஒரு முறுக்கு, இடது கக்கத்தடியில் ஒரு செருகல். ஊசி இல்லை, நாடா இல்லை. அந்தக் கட்டோடு துலாக்கயிற்றை இழுத்து வாளியை இறக்குவார், ஏற்றுவார், இரண்டு கையாலும் தூக்கித் தலையில் ஊற்றுவார். கட்டு அசையாது. கரையில் நின்று பார்த்த எனக்கு அது ஏன் விழவில்லை என்று கேட்கவே தோன்றியதில்லை.

தொழிலுக்கு வந்த பிறகுதான் கேட்டேன். நூல்துணி நனைந்தால் தோலைப் பற்றிக்கொள்ளும். கட்டு நிற்பது மார்பின் புடைப்புக்கு மேலே, அந்தப் புடைப்பே அதற்கு ஒரு படி. உருவம் அழகாகத் தெரியவேண்டும் என்ற கவலையும் அதற்குக் கிடையாது, எல்லாவற்றையும் தட்டையாக அமர்த்தி வைத்திருக்கும். இன்னொன்றும் உண்டு. அம்மம்மா அந்தச் செருகலைத் தானறியாமல் சரிசெய்துகொண்டே இருந்தார். சோப்புப் போடும்போது ஒன்று, வாளியை வைக்கும்போது ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தால் அந்தக் கை போய்வருவது இப்போதும் தெரிகிறது.

கலியாணச் சட்டைக்கு இந்த வசதி ஒன்றும் இல்லை. துணி சற்றின், வழுக்கும். உள்லைனிங் அதைவிட வழுக்கும். போடுகிறவள் லோஷனும் பவுடரும் பூசி வருவாள். சட்டை நிற்கவேண்டிய இடமோ மார்பின் பாதியில். உருவமும் எடுப்பாக இருக்கவேண்டும், கையும் வைக்கக்கூடாது, வீடியோக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார்.

மார்பில் இறுக்குவது ஏன் பலிக்காது என்பதற்கு ஒரு குடம் போதும். குடத்தின் வயிற்றில் கயிற்றை இறுக்கிக் கட்டிப் பாருங்கள், அது ஒடுங்கின கழுத்தைத் தேடி வழுகும். பெண்ணுடம்பும் மார்பிலிருந்து இடுப்புக்கு ஒடுங்கித்தான் போகிறது. மேலே எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு வேகமாகத் துணி கீழே ஒடுங்கின இடத்துக்கு ஓடும். இடுப்பில் கட்டினது எங்கே ஓடும்? கீழே இடுப்பெலும்பு அகலமாக மறித்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே சட்டையின் பாரத்தை இடுப்பில் இறக்கி, அங்கிருந்து எலும்புகளை மேலே நிறுத்தவேண்டும். போன் என்று நாங்கள் சொல்கிற மெல்லிய தகடுகள். கலியாணப் பந்தலின் வெள்ளையை யாரும் மேலே நின்று பிடித்துக்கொண்டிருப்பதில்லையே. கால்கள் நிலத்தில் ஊன்றியிருக்கின்றன, துணி அவற்றின் தலையில் கிடக்கிறது. இடுப்புத்தான் நிலம்.

இது எனக்குத் தானாகத் தெரிந்ததல்ல. கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு கலியாண உடுப்புக் கடையின் நிலக்கீழ் அறையில் தையல் வேலை செய்தேன். ஒரு பெண்ணின் சட்டை இறங்குகிறதென்று வந்தது. நான் மேல்விளிம்பில் இரண்டு பக்கமும் பிடித்து, மூச்சு முட்ட இறுக்கி அனுப்பினேன். கேக் வெட்டுவதற்கு முன்னமே இறங்கிவிட்டதாம். மிச்ச இரவு முழுக்க அந்தப் பெண் ஒரு சால்வையோடு இருந்திருக்கிறாள். திங்கட்கிழமை அந்தச் சட்டை திரும்பி வந்தபோது என்னோடு வேலை செய்த வயதான இத்தாலிய அம்மா அதை உட்புறமாகப் புரட்டி மேசையில் போட்டார். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் இருபது சொல்லுக்கு மேல் இராது. ஒரு விரல் அகல ரிபனை எடுத்து என் இடுப்பில் சுற்றி, பின்னால் பிடித்து, "நட" என்று சைகை காட்டினார். பிறகு "கையைத் தூக்கு". பிறகு அந்த ரிபனில் ஒரு ஊசியைக் குத்தித் தொங்கவிட்டு, அதைக் கீழே இழுத்துப் பார்க்கச் சொன்னார். ரிபன் நகரவில்லை. ஒரு வருடப் படிப்பு அந்தப் பத்து நிமிடத்தில் முடிந்தது.

அந்த அம்மா படித்த பள்ளிக்கூடம் பழையது. 1946இல் வந்த 'கில்டா' படத்தில் றீற்றா ஹேவேர்த் கறுப்புச் சற்றின் சட்டையோடு பாடி ஆடுகிற காட்சியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையையும் மேலே எறிகிறார், இடுப்பை வெட்டுகிறார், நீளக் கையுறையை உருவுகிறார். சட்டை இருந்த இடத்தில் இருக்கிறது. தைப்பித்தவர் ஜோன் லூயி என்ற வடிவமைப்பாளர். உள்ளே குதிரைச் சேணம் போன்ற ஒன்று இருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மார்புக்குக் கீழே தடித்த ரிபன், நடுவில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று எலும்பு, மேல்விளிம்புக்கு வாயு அடுப்பின் சுவாலையில் இளக்கி வளைத்த பிளாஸ்ரிக். பார்ப்பவருக்கு ஒன்றும் இல்லாததுபோலத் தெரியும் சட்டைக்குள் ஒரு கட்டடமே நின்றது. பரிசில் 1884இல் காட்சிக்கு வைக்கப்பட்ட சார்ஜன்ற்றின் 'மடம் எக்ஸ்' ஓவியத்தை மனதில் வைத்து அந்தச் சட்டையை வரைந்ததாகச் சொல்வார்கள். அந்த ஓவியத்தில் முதலில் ஒரு தோள்பட்டி நழுவிக் கிடந்தது. ஊர் கொதித்தது, ஓவியர் பட்டியைத் திரும்பத் தோளில் ஏற்றிவைத்து வரைந்தார். ஒரு பட்டி நழுவியதற்கே அந்தப் பாடு. அறுபத்திரண்டு வருடம் கழித்துப் பட்டியே இல்லாமல் ஒருத்தி ஆடினாள்.

இந்தக் கணக்கை உச்சிக்குக் கொண்டுபோனவர் அமெரிக்காவில் இருந்த சார்ல்ஸ் ஜேம்ஸ். 1953இல் அவர் செய்த நாலிலைச் சட்டை, மேலிருந்து பார்த்தால் பாவாடை நாலு இதழாக விரிவது, கிட்டத்தட்ட பத்து இறாத்தல் நிறை. நாலரைக் கிலோ! தோளில் ஒரு நூல்கூட இல்லை. அவ்வளவு பாரமும் இடுப்பில் இறங்கும்படி வெட்டியதால், போட்டவர் அதோடு நடனமாட முடிந்தது. 2014இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் மியூசியம் அவருடைய சட்டைகளை வைத்துப் பெரிய காட்சி நடத்தியது. எக்ஸ்றேப் படங்களாலும் அசையும் படங்களாலும் உட்புறத்தையே பிரித்துக் காட்டினார்கள். வெளிப்புறத்தை வியக்கிறவர்கள் கூட்டமாக இருப்பார்கள், எங்களைப் போன்றவர்களுக்கு அந்த எக்ஸ்றேதான் திருவிழா. இன்னொரு ஆறுதலும் அந்தச் சட்டையில் உண்டு. ஐசன்ஹோவர் பதவியேற்ற விருந்துக்காக ஒஸ்ரின் ஹேர்ஸ்ற் என்ற பெண்மணி கேட்டது அது, சொன்ன நாளுக்கு முடியவில்லை. தையற்காரருக்கு எந்த நாட்டிலும் ஒரே வியாதிதான்.

இப்படித் தைப்பிக்க வசதி இல்லாதவர்கள் கட்டடத்தைத் தனியாக வாங்கிக்கொண்டார்கள். வார்னர்ஸ் நிறுவனம் 1952இல் 'மெரி விடோ' என்ற உள்ளுடுப்பை விற்கத் தொடங்கியது. லானா ரேர்ணர் நடித்த அதே பெயர்ப் படத்தை ஒட்டி வைத்த பெயர். மார்பிலிருந்து இடுப்பு தாண்டிப் போகிற, எலும்பு வைத்த உறை. அதைப் போட்டுக்கொண்டால் மேலே எந்த மெல்லிய சட்டையும் நிற்கும். சாப்பாடு மட்டும் அளவாகத்தான் இறங்கும்.

எலும்பு என்றதும் சித்திரவதை என்று நினைக்கிறார்கள். இழுத்துக் கட்டி இடையைச் சிறுக்கவைக்கிற பழைய கோர்செற்றின் கெட்ட பெயர் இதற்கும் ஒட்டிவிட்டது. உண்மையில் நல்ல எலும்பு வைத்த சட்டையின் மேல்விளிம்பில் ஒரு விரல் தாராளமாகப் போகவேண்டும். பாரம் கீழே இறங்கிவிட்டதால் மேலே இறுக்கத் தேவையே இல்லை. மூச்சு வரும், சோறும் இறங்கும். கக்கத்தடியில் சிவந்த கோடு விழாது. இறுக்கம்தான் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவே முடியாது, போட்டுக் காட்டத்தான் வேண்டும்.

தகடும் காலத்தோடு மாறியது. முன்னொரு காலத்தில் திமிங்கிலத்தின் வாயில் சீப்புப்போல் வளர்வதை வெட்டி எடுத்தார்கள், பெயர் எலும்பு என்றாலும் அது எலும்பே அல்ல. பிறகு உருக்கு வந்தது. கம்பியைச் சுருட்டித் தட்டையாக்கின சுருள் உருக்கு எல்லாப் பக்கமும் வளையும், உடம்போடு போகும், திரும்பி நிமிரும். பிறகு பிளாஸ்ரிக். நான் வேலை பழகிய காலத்துக்குப் பிறகு வந்த ஆயத்தச் சட்டைகளில் பெரும்பாலும் இருப்பது பொலியெஸ்ரர் பட்டிதான். தையல் இயந்திரத்தில் நேராக வைத்து அடிக்கலாம், மலிவு. உடம்புச் சூட்டில் வளைந்தால் வளைந்தபடியே கிடக்கும். அதை உள்லைனிங்கில் மட்டும் அடித்து, இடுப்பு வருவதற்கு முன்னமே நிறுத்தியும் விடுவார்கள். நிலத்தைத் தொடாத பந்தக்கால். எட்டு எலும்பு இருக்கிறது என்று விற்பனைக்காரர் எண்ணிக் காட்டுவார், எண்ணிக்கை சரிதான்.

2000க்குப் பிறகு கலியாணக் கடைகளில் தொங்கியதெல்லாம் ஸ்ராப்லெஸ் என்று சொல்லுமளவுக்கு வந்தது. 2011இல் கேற் மிடில்ரன் லேஸ் கை வைத்த சட்டையோடு தேவாலயத்துக்குள் நடந்தார், உடனே எல்லாருக்கும் கை வேண்டுமாம். இரண்டு வருடம் ஸ்ராப்லெஸ் சட்டைகளுக்கு லேஸ் கை ஒட்டியே என் கண் மங்கியது. அதுவும் போய், இப்போது திரும்பவும் தோள்.

இன்றைய சட்டையில் நிற்கவைக்கும் வேலை பாதி உடுத்துகிறவள் தலையில். மேல்விளிம்பின் உட்பக்கத்தில் சிலிக்கன் கோடு போட்ட எலாஸ்ரிக் வரும். காய்ந்த, எண்ணெய் படாத தோலில் அது நன்றாகப் பிடிக்கும். குறை சொல்லமாட்டேன். லோஷன் பூசினால் போச்சு, பவுடர் போட்டால் போச்சு, ஓகஸ்ற் மாத வியர்வையில் போச்சு. பிறகு இரண்டு பக்கமும் ஒட்டும் ரேப். பிறகு மார்பையே தூக்கி ஒட்டுகிற ரேப், விளையாட்டுக்காரர் முழங்காலில் ஒட்டுவதன் தங்கச்சி. அது வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. முதல்நாளே கையின் உட்பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டிப் பார்க்கச் சொல்கிறேன், சிலருக்குத் தோல் பொங்கிவிடும். கழற்றும்போது உரிக்கக்கூடாது. தேங்காயெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். ஸ்ராப்லெஸ் பிரா போடுகிறவர்களுக்குச் சொல்வது, கப்பைப் பாராதே, கீழ்ப்பட்டியைப் பார். தோளில் பட்டி இல்லாதபோது தாங்குவது அது ஒன்றுதான். பின்னால் முதுகில் ஏறுகிறதென்றால் அளவு பெரிது.

இந்த மூன்று நாலு வருடமாக ஒரு வேடிக்கை. கண்ணாடிபோன்ற வலைத்துணியில் எலும்புகள் வெளியே தெரியும்படி தைத்த கோர்செற் மேற்சட்டைதான் எங்கும். ஒருகாலத்தில் ஒளித்துவைத்ததை இப்போது நகைபோல வெளியே போட்டிருக்கிறார்கள். சென்ற மாதம் வந்த ஒன்றில் பன்னிரண்டு எலும்பு எண்ணினேன். பன்னிரண்டும் அலங்காரம். இடுப்பில் பிடிக்க உள்ளே ஒன்றுமே இல்லை. பிள்ளை வழக்கம்போலக் கக்கத்தடியில் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள்.

நான் செய்வது பெரிய வித்தை அல்ல. லைனிங்கைப் பிரித்து, முடிந்த இடங்களில் பொலியெஸ்ரரை எடுத்துவிட்டுச் சுருள் உருக்கு வைப்பேன், அது இடுப்பு தாண்டிச் சற்றுக் கீழே போகவேண்டும். மேல்விளிம்பு குறுக்குநூலில் போவதால் இழுபடும், ஆகவே நீளாத ஒரு நாடாவை அதன் உட்பக்கத்தில், விளிம்பைவிட ஒரு சென்ரிமீற்றர் குறைத்து, ஊசித்தையலில் பிடிப்பேன். குனியும்போது விளிம்பு வாய்பிளக்காமல் உடம்போடு படுக்க அதுதான் வழி. கடைசியாக அந்த ரிபன். குறோகிறெயின், ஓர் அங்குல அகலம், பெண்ணின் இடுப்பளவைவிட ஒரு பொட்டுக் குறைவு, பின்னால் இரண்டு கொக்கி. எலும்புகள் இடுப்பைக் கடக்கும் இடங்களில் மட்டும் அதைத் தைத்துப் பிடிக்கவேண்டும், சுற்றிவர அடிக்கக்கூடாது. சட்டைக்குள் இறங்கினதும் முதலில் ரிபன் கொக்கி, பிறகுதான் சிப். ரிபன் கொழுவினபின் சிப் தானாக ஏறும், இழுபறி இல்லை. ரிபனுக்கு ஆகிற செலவு ஒரு கோப்பிக் காசு. சட்டை இரண்டாயிரம் டொலர்.

பிறகு சோதனை. வெள்ளைக்காரப் பெண்களுக்கு மூன்று: கையை மேலே தூக்கு, கதிரையில் இரு, என்னைக் கட்டிப்பிடி. இருக்கும்போது எலும்பு தொடையில் முட்டி மேலே தள்ளினால் கால் அங்குலம் வெட்டவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு நாலாவது ஒன்று உண்டு.

"விழுந்து கும்பிடு பிள்ளை."

"சீரியஸாவோ அன்ரி?"

"றிசெப்ஷனில எத்தனை பெரியாக்கள் வருவினம்? அப்பம்மா மேடையேறுவா. சும்மா தலையைக் குனிஞ்சுபோட்டு விடுவியோ?"

கண்ணாடிக்கு முன்னால், நாலரைமுழப் பாவாடையோடு, சிரித்துக்கொண்டு குனிவாள். நான் எதிரே நின்று விளிம்பைப் பார்ப்பேன். தாய்மார் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வதும் உண்டு.

கடைசி அளவு எடுப்பது கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது. அதற்கு முன் எடுத்து ஒரு பயனும் இல்லை, இந்தப் பிள்ளைகள் பட்டினி கிடந்து மெலிகிறார்கள். கலியாணத்துக்கு முன் மெலிவது இன்று தொடங்கினதல்ல. 1981 மார்ச் 9ஆம் திகதி, நிச்சயமான பிறகு முதல் அரசமுறை நிகழ்ச்சிக்குப் பத்தொன்பது வயது டயானா கறுப்புத் தஃபேற்றா ஸ்ராப்லெஸ்ஸில் வந்து காரிலிருந்து குனிந்து இறங்கினார். அந்தக் குனிவைத்தான் படக்காரர்கள் பிடித்தார்கள். இமானுவேல் தம்பதியர் தைத்த சட்டை. பிறகு மெலிந்துபோய் அதை இறுக்கித் தரும்படி திருப்பிக் கொடுத்தார், அவர்களோ புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தார்கள். பழையது அவர்களிடமே கிடந்து 2010இல் 1,92,000 பவுணுக்கு ஏலம் போனது. திருத்தக் கொடுத்துவிட்டு எடுக்க வராத உடுப்பு என் கடையிலும் ஒரு கம்பி நிறையத் தொங்குகிறது. ஒன்றுக்கும் இன்னும் அந்த யோகம் வரவில்லை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு ஏழரைக்குத் தொலைபேசி. மண்டபத்து உடைமாற்றும் அறையிலிருந்து பொம்பிளையின் தாய். "தங்கச்சி, சட்டை இறங்குது. நீங்கள் தைச்சது அவ்வளவு சரியில்லைப் போல."

"ரிபனைக் கொழுவினீங்களோ அக்கா?"

"என்ன ரிபன்?"

"உள்ளுக்கு, இடுப்பில, கொக்கி வைச்ச நாடா."

மறுமுனையில் சத்தமில்லை. பிறகு யாரோடோ பேசுகிற குரல். பிறகு திரும்பி வந்து, மெதுவாக, "அது கங்கரில கொழுவி வைக்கிற நாடாவாக்கும் எண்டு மச்சாள்காரி கத்திரிக்கோலால வெட்டிப்போட்டாளாம்."

வெட்டின துண்டு குப்பைக்கூடையில் கிடந்ததாம். எடுத்து, சுற்றிவர ஊக்குக் குத்தி, எப்படியோ சமாளித்தார்கள். அந்தப் பெண் இரவு முழுக்க ஆடினாள் என்று பிறகு படத்தில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ரிபனைத் தைத்து முடித்ததும் கொக்கிக்குப் பக்கத்தில் சிவப்பு நூலால் இரண்டு சொல் எழுதிவிடுகிறேன்: வெட்ட வேண்டாம். பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தாய்மாருக்குத் தெரியும், உடுத்திவிடுவது அவர்கள்தானே.